பாவாயி பேரில் எழுதிய எள்

நெருஞ்சிப்பாளையத்து மொட்டைப்பாறை தன் இடத்தை விட்டுக் கிளம்பியது ஆடி பிறந்து ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்காலுக்கு. எத்தனை தலைமுறையாக மலையுச்சியில் குந்தியிருந்ததோ, அன்றைக்கு அதற்கு மனசு வந்து, ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு ஆட்டைக்கூட மிரட்டாமல், பாதி மலை இறங்கி வந்து மேட்டுத்தெருவின் கடைசி வீட்டுக்கு முந்நூறு அடி மேலே நின்றது. நின்றதற்குக் காரணம் ராக்கியம்மா. கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போய்க்கொண்டிருந்தவள் எதற்கோ தலையைத் தூக்கினாள், பாறை நின்றது. கண்ணில் விழுந்த தூசியை முந்தானையால் துடைத்தாள், பாறை ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி பார்த்தாள், மறுபடி நின்றது. இரண்டு மணி நேரம் அப்படியே நின்று பார்த்துவிட்டு, ஊர் கூடிய பிறகு, யாராச்சும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க சாமி, கண்ணு எரியுது என்றாள், தலைச்சுமையை மாற்றிக் கொடுப்பதுபோல. முதல் முறை அப்படித்தான் மாறியது.

தாலுகா ஆபீசிலிருந்து வந்தார்கள், நாடா பிடித்தார்கள், பாறையின் வயிற்றில் மஞ்சள் பெயிண்டால் ஒரு எண் எழுதினார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனால் என்ன என்று கேட்ட வெளியூர்க்காரர்களிடம் மேட்டுத்தெரு ஆட்கள், எங்க போறதுங்க, பட்டா இங்கதான இருக்குது என்றார்கள். பாறை ஏன் கிளம்பியது என்று பத்து நாள் பேசினார்கள், கல்குவாரி வெடி என்றும் சாமி குத்தம் என்றும் இரண்டு கட்சியானார்கள், பதினொன்றாம் நாள் அதை மறந்துவிட்டு, யார் எத்தனை மணிக்கு உட்காருவது என்பதில் சண்டை போட ஆரம்பித்தார்கள். கூட்டுறவுச் சங்கத்து மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு இரும்பு நாற்காலி போட்டு, இருட்டிய பிறகு பாறையின்மேல் அடிக்க ஒரு பெரிய லைட்டும் கட்டி, நாளை நாலு நாலு மணியாக ஆறு முறையாகப் பிரித்தார்கள்.

பாறையின் குணம் சீக்கிரமே பிடிபட்டது. கண் சிமிட்டுவதை அது மன்னித்தது, தும்மலை மன்னித்தது. ஆனால் கண் பாறையில் இருந்து மனசு மட்டும் அடுப்பில் வைத்த குழம்புக்குப் போனால், அந்த நொடிக்கு நகர்ந்தது. ஒருவர் போதாது, இரண்டு பேர் பார்க்கட்டும் என்று இன்னொரு நாற்காலி போட்டபோது முன்னைவிட அதிகமாக நகர்ந்தது, ஏனென்றால் அவன் பார்த்துக்கொள்வான் என்று இவனும் இவன் பார்த்துக்கொள்வான் என்று அவனும் இருந்துவிட்டார்கள். இரண்டாவது நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.

நகர்ந்ததை எள்ளால் அளந்தார்கள். பாறைக்கு முன்னால் இரும்புக் கம்பி அடித்து, நடுவில் ஒரு மரச்சட்டம் வைத்து, ஒவ்வொரு முறை முடியும்போதும் பாறை எதுவரை வந்திருக்கிறது என்று சட்டத்தில் கோடு போட்டு, பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவே எத்தனை எள்ளை அருகருகே படுக்கவைக்க முடிகிறதோ அத்தனை எள் அந்த ஆளின் பேரில் ஏறியது. ஸ்கேல் வைத்து அளந்தால் படித்தவன் ஏமாற்றுவான், எள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று சங்கத் தலைவர் பொன்னுரங்கம் சொன்னார். அளப்பவனாக அர்த்தநாரியை வைத்தார்கள். பழைய லாரி டிரைவர், கை நடுங்காதவன், ஊரில் யாரோடும் வாய்ச்சண்டை இல்லாதவன். பேக்கரி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, முந்தின நாள் யார் எத்தனை எள் என்று காலையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டுப் போவான். ஊர் டீ குடித்தபடி அதைப் படித்தது.

எள் ஊருக்குள் எப்படிப் புகுந்தது என்றால், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனுக்கு எத்தனை எள் என்று கேட்டார்கள். பதினோரு எள் வாங்கிய சவரக்கடைக்காரரிடம் ஒரு வாரம் யாரும் கழுத்தைக் கொடுக்கவில்லை. புருஷன் சாமான் வாங்க மறந்தால், எட்டு எள்ளுக்காரருக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போகுது என்று பெண்கள் சொன்னார்கள். ஊரில் எள்ளுருண்டை செய்வது நின்றுபோனது.

பள்ளிக்கூடத்து விசாலாட்சி டீச்சர்தான் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அளந்து பார்க்கலாமே என்றார். லீவு நாளெல்லாம் காலையில் மலையேறிப் பாறையடியில் உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, சங்கக் கூட்டத்தில் விரித்துக் காட்டினார். முதல் இருபது நிமிஷம் கோடு படுத்துக்கிடந்தது, அரை மணிக்குள் தலை தூக்கியது, அப்புறம் ஏறியது ஏறியதுதான். நல்லவர் கெட்டவர், படித்தவர் படிக்காதவர், காபி குடித்தவர் குடிக்காதவர் என்று முப்பத்தேழு பேரை அளந்திருந்தார், முப்பத்தேழும் ஒரே சாயல். "இது சோம்பேறித்தனம் இல்லீங்க. நடக்காத ஒண்ணையே பார்த்துட்டு இருந்தா, இனி நடக்காதுன்னு மனசு தானா முடிவு பண்ணிருது. இருபது நிமிஷத்துக்கு ஒரு ஆள மாத்துங்க, பாறை அங்கயே நிக்கும்" என்றார். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு எழுபத்திரண்டு ஆள் வேண்டும், பண்ணைக்கு யார் போவது, லாரியை யார் ஓட்டுவது என்று பொன்னுரங்கம் கேட்டார். கேட்டுவிட்டு, டீச்சர், நீங்க சென்னியப்பனை அளந்தீங்களா என்றார். டீச்சர் அளக்கவில்லை. அவனைப் போய்ச் சோதித்தால் அது மரியாதைக் குறைவு என்று சங்கமே தடுத்திருந்தது. "அங்க ஒரு ஆள் நாலு மணி நேரம் சைபர் எடுக்கறாரு. அப்புறம் இந்தத் தாளை வெச்சு நாங்க என்ன பண்றது?" என்றார் பொன்னுரங்கம். டீச்சர் தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

சென்னியப்பன் என்பவன் பத்தொன்பது வருஷம் நாக்பூர் ரோட்டில் லாரி ஓட்டியவன். பத்தொன்பது வருஷமும் பக்கத்து சீட்டில் அர்த்தநாரிதான். ஒருவன் ஓட்ட ஒருவன் பேச, ஒருவன் தூங்க ஒருவன் ஓட்ட, இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் சோறு. சென்னியப்பன் சீட்டில் உட்கார்ந்தால் கண் அசராது என்று லாரிப்பேட்டை முழுக்கப் பேர். இடுப்பெலும்பு தேய்ந்து வண்டியை விட்ட பிறகு, ஒரு வருஷம் கழட்டிப்போட்ட டயர் மாதிரி வீட்டு மூலையில் கிடந்தான். மனைவி பாவாயி தட்டை வைத்தால் சாப்பிட்டான், எடுத்தால் கை கழுவினான். பாறை இறங்கியதும் எழுந்து வந்தான். யாரும் வாங்கிக்கொள்ளாத மதிய முறை, ஒரு மணியிலிருந்து ஐந்து மணி, சோறு வயிற்றில் இறங்கித் தகரம் தலையில் காயும் நேரம், அதை எனக்குக் கொடுங்க என்றான். மறுநாள் காலை பலகையில் அவன் பேருக்கு நேரே சைபர். அதற்கடுத்த நாளும் சைபர். இரண்டு வருஷம் சைபர்.

அந்தச் சைபரை நம்பி ஊர் மத்தியானம் தூங்கப் பழகியது. மேட்டுத்தெருவில் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நாலரைக்குத்தான் திறந்தார்கள். கல்யாண வீட்டில் அவனுக்கு முதல் பந்தி, பேக்கரியில் அவனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் சேர், எதிரே வந்தால் பெரியவர்கள்கூடத் துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்கள். சென்னியப்பன் நடை மாறியது. முதுகு நிமிர்ந்தது. பேசும்போது ஒரே இடத்தைப் பார்த்துப் பேசினான், அந்த இடம் எதிரே நிற்கும் ஆளின் முகமாக இருக்கவில்லை.

மாலை முறை, ஐந்திலிருந்து ஒன்பது, பாவாயிக்கு. அடுப்பு வேலை நேரம் என்று எந்தப் பெண்ணும் ஒப்பவில்லை, ஆண்கள் கடைவீதியை விட்டு வரமாட்டேன் என்றார்கள், சரி நான் உட்கார்றேன் என்று இவள் சொல்லிவிட்டாள். அஞ்சு மணிக்கு டீத் தூக்கோடு மாடியேறி, புருஷன் எழுந்த நாற்காலியில், சூடு ஆறுவதற்கு முன் உட்காருவாள். அவள் பேரில் முதல் நாள் பத்து எள். அடுத்த நாள் பன்னிரண்டு. ஊரிலேயே அதுதான் அதிகம். அந்த நாற்காலியில உட்கார்ந்தும் இந்த லட்சணமா என்று முதலில் சிரித்தார்கள், பிறகு மேட்டுத்தெருப் பெண்கள் அவளைக் கண்டால் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டார்கள், பாறை முந்நூறு அடியிலிருந்து இருநூறு அடிக்கு வந்தபோது இரண்டு பேர் வாசலில் வந்து நின்று, எங்க வீட்டுமேல உனக்கு அப்படி என்னடி கோவம் என்று கேட்டார்கள். முறையிலிருந்து அவளை எடுத்துவிடலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று சென்னியப்பன் அப்போது யோசிக்கவில்லை.

அவன் யோசித்தது வேறு. சோறு போடும்போது, அப்படி எங்க போகுது உன்ற மனசு என்று கேட்டான். முதல் மாதம் விளையாட்டாகக் கேட்டான், மூன்றாம் மாதம் விளையாட்டில்லாமல் கேட்டான். அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது அவள் போனை எடுத்துப் பார்த்தான், அண்ணன் வீட்டு நம்பரும் பால்காரர் நம்பரும் இருந்தன, பால்காரரை மாற்றினான். நான் பார்த்துட்டுத்தானுங்க இருக்கறேன் என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள், பலகை பொய் சொல்லுமா என்று அவன் கேட்டான், அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில்தான் அர்த்தநாரி வாரம் மூன்று நாள் சாப்பிட்டான். தலையைக் குனிந்தபடி ரசத்தைக் குடித்துவிட்டு, மாப்ள, விடு மாப்ள, பொம்பளைங்களுக்கு ஆயிரம் நெனப்பு இருக்கும் என்பான்.

இரண்டு வருஷம் நிறையப்போகும் வைகாசியில் ஒரு நாள் காலை பேக்கரியில் கூட்டம். பலகையில் பாவாயிக்குப் பதினைந்து. பொன்னுரங்கம் பன்னை டீயில் நனைத்தபடி, "கண்ணு கல்லு மேல, மனசு எந்தப் புண்ணியவான் மேலயோ" என்றார். எல்லாரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவன் சிரித்தான். வாய்விட்டெல்லாம் இல்லை, கூட்டத்தோடு கூட்டமாக, பல் தெரியும் அளவுக்கு. பிறகு திரும்பினால், ரொட்டி வாங்க வந்த பாவாயி கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். இரண்டு சேலை, டிபன் டப்பா, அவ்வளவுதான் காணோம். ஆற்றங்கரைப் பக்கம் அவள் அண்ணனுக்குத் தறிப்பட்டறை. அங்கேதான் போயிருப்பாள் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். போகவில்லை, ஒரு மணிக்கு முறை இருந்தது. அன்றைக்குப் பாறையை ஆணி அடித்த மாதிரி பார்த்ததாக அவனுக்கு நினைப்பு. அஞ்சு மணிக்கு மோட்டார் ரூம் மாரப்பன் வந்து, இன்னிக்கு நான் உட்கார்றனுங்ணா என்றான். செவ்வாய்க்கிழமையும் மாரப்பன்தான் வந்தான்.

புதன்கிழமை காலை சென்னியப்பன் பேக்கரிக்குப் போய்த் தன் சேரில் உட்கார்ந்து, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு பலகையைப் பார்த்தான். சென்னியப்பன், சைபர். பாவாயி, பன்னிரண்டு.

பழக்கமான கை பழக்கமான பேரை எழுதிவிட்டுப் போயிருந்தது. இரண்டு வருஷமாக நாள் தவறாமல் கவனமாகப் பொய் எழுதியவனுக்கு அன்றைக்குக் கொஞ்சம் கவனம் தப்பியிருந்தது. சுற்றிலும் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டு அதே பலகையைப் படித்தார்கள், ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பும் இல்லை. சென்னியப்பன் மெதுவாக, பாவாயி ஊர்ல இல்லீங்களே என்றான். பேக்கரிக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோமுங்ணா" என்றார்.

அர்த்தநாரி வாசலில் முறத்தில் எள்ளைப் பரப்பிப் பொறுக்கிக்கொண்டிருந்தான். சென்னியப்பன் வந்து நின்ற நிற்பிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. உட்காரு மாப்ள என்று திண்டைத் தட்டிக் காட்டினான். சென்னியப்பன் உட்காரவில்லை.

"என்ற எள்ளு எத்தனை?"

"முதல் நாளு ஒன்பது. அப்புறம் பத்து, பதினொண்ணு. வெயில் காலத்துல பதிமூணு வரைக்கும் போகும். டீச்சர் சொன்ன மாதிரிதான், இருபது நிமிஷம் நல்லாப் பார்ப்ப."

"அவ எள்ளு?"

அர்த்தநாரி முறத்தைக் கீழே வைத்தான். "ஒண்ணு. சில நாள் ரெண்டு."

பிறகு அவனாகவே சொன்னான், நிறுத்தாமல், ஓடும் லாரியில் பேசுவதுபோல. முதல் நாள் ஒன்பது என்று பலகையில் எழுதினால் நீ மறுபடியும் மூலையில் போய்ப் படுத்துக்கொள்வாய் என்று பயமாக இருந்தது, ஒரு நாளைக்கு என்று சைபர் போட்டேன், ஊர் கொண்டாடியது, பொன்னுரங்கம் கூப்பிட்டு, அப்படியே இருக்கட்டும், ஊர் மத்தியானத்துல நிம்மதியாத் தூங்குது என்றார், போகப்போக ஊருக்கும் தெரிந்துபோனது, தெரியாத மாதிரியே தூங்கினார்கள், பாறை நகர்ந்த எள்ளை யார் பேரிலாவது ஏற்றித்தானே ஆக வேண்டும், உனக்கடுத்த முறை அவளுடையது. பாவாயி முதல் வாரமே தேடி வந்து கேட்டாள், சொன்னேன். ஒரு மாசம் போகட்டும், அவரு கொஞ்சம் தேறட்டும் என்று அவளே சொன்னாள்.

"ரெண்டு வருசம்டா."

"ஆமா மாப்ள."

"பத்தொன்பது வருசம் ஓட்டினேனே. அப்பவும் அசந்தனா?"

அர்த்தநாரி முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "நான் பேசிட்டே வருவன்ல. பேச்சுக்கு நீ 'உம்' கொட்டறது நின்னா ஸ்டீயரிங்ல கை வைப்பேன். நீ முழிக்கறப்ப எடுத்துருவேன். எத்தனை தடவைன்னு கேக்காத."

சென்னியப்பனுக்கு அப்போதும் அந்தத் திண்டில் உட்காரக் கூடாது என்று இருந்தது. கடைசியாக ஒன்று கேட்டான்: ஆறு முறைக்கு ஆறு பேர் இருந்தார்கள், கோட்டை முன்னே பின்னே போட்டு என் எள்ளை எல்லார் பேரிலும் ஒன்றிரண்டாகப் பிரித்துப் போட்டிருக்கலாமே, அவள் ஒருத்தி தலையில் ஏன் கொட்டினாய்.

"வேற யாரு பேருல ஒரு எள்ளு கூட எழுதினாலும், அவங்க வீட்டாளு அளவு பார்க்கறேன்னு மலையேறி வந்திருப்பாங்க" என்றான் அர்த்தநாரி. "அவளுக்காக நீ வரமாட்டேன்னு தெரியும்."

சென்னியப்பன் பஸ் ஏறினான். மணி பத்தரை. ஒரு மணிக்கு இரும்பு நாற்காலியில் அவன் இருக்கமாட்டான், வேறு யாரையாவது உட்காரவைப்பார்கள், எழுதுகிற இடத்தில் அவன் பேரை எழுதிச் சைபர் போடுவார்கள். நினைத்துப் பார்த்தான், இதற்கு அவன் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பஸ் ஊர் எல்லையில் திரும்பும்போது ஜன்னலில் பாறை தெரிந்தது. கடைசி வீட்டுக்கு நூறு அடி இருக்குமோ என்னவோ. கோழிகள் கொத்திக்கொண்டிருந்த கொல்லைகளும் கொடியில் காய்ந்த துணிகளும் அதற்குக் கீழே இருந்தன. இரண்டு வருஷம் தினமும் நாலு மணி நேரம் அவன் பார்த்த பாறை, அதன் இடது தோளில் இருக்கும் வெள்ளைக் கீற்றை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்டான்.

ஆற்றங்கரைத் தறிப்பட்டறையில் எட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. நாலுக்கு நடுவே பாவாயி நின்றாள். நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். பார்க்காமல் விட்டால் துணியில் ஓட்டை விழும். அவனைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், இருங்க என்று கையால் காட்டிவிட்டு மறுபடி நூலைப் பார்த்தாள். அண்ணன் வெளியே வந்து, வாங்க மாப்பிள்ளை, தண்ணி குடிங்க என்று சொல்லிவிட்டு, வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார். கரண்ட் போகும்வரை சென்னியப்பன் வாசற்படியிலேயே நின்றான். கரண்ட் போனது, எட்டுத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, காதில் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

எனக்குத் தெரிஞ்சு போச்சு பாவாயி என்றான். அவள் பஞ்சுத் தூசியைத் தலைமுடியிலிருந்து எடுத்துக்கொண்டே, சரிங்க என்றாள். ஊரே சேர்ந்து என்னை ஏமாத்திட்டாங்க, அர்த்தநாரி உட்பட, நீயும் சேர்ந்து என்றான். அதற்கும் சரிங்க என்றாள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவன் கேட்டபோதுதான் நிமிர்ந்தாள்.

"ஒரு மாசம்னுதானுங்க நெனச்சேன். அதுக்குள்ள நீங்களே ஒரு நாள் பேக்கரியில எந்திரிச்சு, என்ற பொண்டாட்டி அப்படி இருக்கமாட்டா, வாங்கடா மலைக்கு, நானே அளந்து பார்க்கறேன்னு சொல்லுவீங்கன்னு இருந்தேன். தெனமும் உங்க முகத்தையே பார்த்துட்டு இருந்தேன். இன்னிக்குச் சொல்லுவாரு, இன்னிக்குச் சொல்லுவாருன்னு. சோறு போடறப்பப் பார்த்தேன், டீ குடுக்கறப்பப் பார்த்தேன். நீங்க சிரிச்சீங்க பாருங்க அன்னிக்கு, அதுகூட எனக்கு வலிக்கல. அப்பத்தான் தெரிஞ்சுது, நான் பார்க்கறதை எப்பவோ விட்டிருக்கேன்னு."

"எப்ப விட்ட?" என்றான் சென்னியப்பன்.

அவள் யோசித்தாள். நேர்மையாகத்தான் யோசித்தாள், ஒரு விரலால் நூலை நீவிக்கொண்டு, இந்த மாதமா போன வருஷமா என்று தேடுகிறவள்போல.

"தெரியலீங்க. அதை யாரு அளந்தா?"

கரண்ட் வந்துவிட்டது. அவள் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தறிகளுக்கு நடுவே போய் நின்றாள்.